சுபின் மேத்தா: நடத்துநர் கலை, ஒரு மதிப்பீடு

சுபின் மேத்தா (பிறப்பு: ஏப்ரல் 29, 1936, பம்பாய்) மேற்கத்திய செவ்வியல் இசையின் நடத்துநர். ஓபரா, சிம்பொனி இரண்டிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் முதல்வரிசை இசைக்குழுக்களை நடத்தி வந்தவர். மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், டெல் அவீவ், புளோரன்ஸ், மியூனிக் ஆகிய நகரங்களில் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

இந்திய இதழ்களில் இவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் 'மேலைநாட்டை வென்ற இந்தியர்' என்ற பெருமிதத்தில் தொடங்கி விருதுப் பட்டியலில் முடிந்துவிடுகின்றன. ஆங்கில விமர்சகர்களில் ஒரு சாராரோ இவர் மீது 'பகட்டானவர்' என்ற முத்திரையைக் குத்தினர். இரண்டையும் வைத்துக்கொண்டு இவருடைய கலையை அறிய முடியாது. மேத்தாவின் பலம் ஓபராவில் இருக்கிறது. பாடும் குரலுக்கு இடம் விட்டுக்கொண்டே நூறு கருவிகளைச் சிதறாமல் பிடித்து வைப்பது அவருடைய தனித்திறன். சிம்பொனியிலும் அந்தத் திறன் தேவைப்படும் இடங்களில் அவர் உயர்ந்து நிற்கிறார். தேவைப்படாத இடங்களில் சில வேளை சாதாரணமாகிவிடுகிறார்.

நடத்துநரின் வேலை

நம் ஊர்த் திருவிழாக்களில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. இங்கே பேசப்படுவது 80 முதல் 100 பேர் வரை வாசிக்கும் சேர்ந்திசைக் குழு. கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து, காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் சேர்ந்துகொள்கிறார்கள். நூறு பேர் என்றால் அது நடவாது. முன்வரிசை வயலினுக்கும் பின்வரிசை முரசுக்கும் இடையே 17 மீட்டர் இருக்கலாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்பதால், பின்னால் இருப்பவர் காதை மட்டும் நம்பி வாசித்தால் நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்துவார். விரைவான தாளத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். அதனால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒருவர் நின்று, ஒலி எழுப்பாமல் கையாலும் கோலாலும் காலத்தைக் காட்டுகிறார்.

கோல் கீழே இறங்கும் இடத்தில் இசை ஒலிக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு வலுவாக, எந்தக் குணத்தில் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு முன்னால் கோலை மேலே தூக்கும் வீச்சிலேயே சொல்லப்பட்டுவிடும். காரைக்கால் கடற்கரையில் கருக்களாச்சேரி போன்ற மீனவ ஊர்களின் கரைவலையை நினைத்தால் இது எளிதில் விளங்கும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் முதலடி எடுத்துக் கொடுப்பவரின் குரலிலேயே அடுத்த இழுப்பின் வேகமும் பாரமும் இருக்கும். மற்றவர்கள் அதைக் கேட்டு முன்கூட்டியே காலை ஊன்றிக்கொள்வார்கள். 'இழு' என்று சொல்லும்வரை காத்திருந்தால் கயிறு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நடத்துநரின் மேல்வீச்சும் அப்படித்தான்.

ஓபராவில் இந்த வேலை இன்னும் கடினம். ஓபரா என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டிலேயே நிகழும் நாடகம். பாடகர்கள் மேடையில் நடித்துக்கொண்டே பாடுவார்கள். இசைக்குழு மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். பாடகர் ஓரிடத்தில் ஒரு நாள் நீளமாக மூச்செடுப்பார், மறுநாள் எடுக்கமாட்டார். அதைக் கணப்பொழுதில் கண்டு பள்ளத்தில் இருப்பவர்களைக் காக்கவைப்பதோ முடுக்குவதோ நடத்துநரின் பொறுப்பு. ஆடுபவரின் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்காத நட்டுவனாருக்கு இந்தக் கலை புதிதாகத் தோன்றாது. நட்டுவனார் தாளத்தைத் தட்டிச் சொற்கட்டும் சொல்வார், ஓபரா நடத்துநர் வாயே திறக்கமாட்டார் என்பதே வேறுபாடு.

ஓபராவுக்குத் தமிழில் ஓரளவு நெருங்கி வருவது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அந்த நூல் அச்சேறியதற்குக் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சிசே என்பவரின் ஆர்வமே காரணம் என்பது உள்ளூர் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. ஐரோப்பியர் ஒருவருக்கு அந்தக் கதைப்பாட்டு பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் நந்தனார் சரித்திரத்தைப் பாகவதர் ஒருவரே எல்லாப் பாத்திரமாகவும் பாடுவார். அவரே தலைவர், அவரே குரல். பாடுபவர் ஒருவர், காலத்தைப் பிடித்து வைப்பவர் இன்னொருவர் என்ற பிரிவினை அங்கே தேவைப்படவில்லை. மேத்தா வாழ்நாள் முழுவதும் வேலை செய்தது அந்தப் பிரிவினைக்குள்ளேதான்.

பம்பாயும் வியன்னாவும்

மேத்தா பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர். வீட்டில் ஒத்திகை, கிராமபோன் தட்டு, மாணவர்களின் வயலின் பயிற்சி என்று நாளெல்லாம் இசைதான். தந்தை மேல்பயிற்சிக்காக அமெரிக்கா சென்று சில ஆண்டுகள் பிரிந்திருந்தபோது தட்டுகளே பிள்ளைக்கு ஆசிரியராக இருந்தன. செயின்ட் சேவியர் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்கான வகுப்பில் சேர்ந்து, அதை விட்டுவிட்டு 1954இல் 18 வயதில் வியன்னாவுக்குப் புறப்பட்டார்.

வியன்னா இசைக் கல்விக்கழகத்தில் ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. கிளாடியோ அப்பாடோவும் அவரிடம் பயின்றவரே. இசைக்குறிப்பைப் பகுத்துப் படித்து, எத்தனை அடிகள் சேர்ந்து ஒரு வாக்கியமாகின்றன என்று கண்டு, அதன் பிறகே கையை அசைக்க வேண்டும் என்பது ஸ்வரோவ்ஸ்கியின் முறை. உணர்ச்சிக்காகக் கையை வீசுவது அவருக்குப் பிடிக்காது. பிற்காலத்தில் மேத்தாவைப் பகட்டானவர் என்றவர்கள் இந்த அடித்தளத்தை மறந்துவிட்டார்கள். அவருடைய பழைய ஒளிப்பதிவுகளில் வலக்கையின் அளவுச்சுத்தத்தைப் பார்த்தால் போதும். வீச்சு பெரிதாக இருக்கும் இடத்திலும் கோலின் நுனி எங்கே இறங்குகிறது என்பதில் ஐயமே இராது. இசைக்குறிப்பைப் பார்க்காமல் நினைவிலிருந்து நடத்தும் வழக்கமும் இந்தப் பயிற்சியின் விளைவுதான்.

மாணவப் பருவத்தில் மேலும் இரண்டு காரியங்கள் செய்தார். டபுள் பாஸ் என்னும் மிகத் தாழ்ந்த சுருதி நரம்புக் கருவியை வாசித்தார். அப்பாடோவுடன் சேர்ந்து பாடற்குழுவிலும் நுழைந்தார். ஒத்திகைகளைப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி கிடைக்காத நிலையில், புருனோ வால்டர், காராயன் போன்றவர்கள் எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று பார்ப்பதற்குப் பாடகராகச் சேர்வதே வழியாக இருந்தது. ஓபராவில் அவர் பெற்ற வெற்றிக்கு இந்த இரண்டையும் விதையாகக் கருதலாம். ஒலியின் அடித்தளம் எங்கே இருக்கிறது என்பதைப் பாஸ் கருவி சொல்லிக் கொடுத்தது. நடத்துநரின் கோலைப் பார்த்துக்கொண்டு மூச்செடுப்பது எப்படி என்பதைப் பாடற்குழு சொல்லிக் கொடுத்தது.

1956இல் ஹங்கேரியக் கிளர்ச்சி நசுக்கப்பட்டு அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது, சக மாணவர்களைத் திரட்டி அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். துயரம் நேர்ந்த இடத்துக்கு இசைக்குழுவைக் கொண்டுபோகும் பழக்கம் அங்கே தொடங்கியது. 1958இல் லிவர்பூல் நடத்துநர் போட்டியில் முதலிடம் பெற்றார். 25 வயதுக்குள் வியன்னா, பெர்லின், இஸ்ரேல் பில்ஹார்மோனிக் குழுக்களை நடத்தியிருந்தார்.

லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்

1961இல் மாண்ட்ரியல் சிம்பொனியின் இசை இயக்குநரானார். அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்குக்கும் பொறுப்பேற்றார். இந்த நியமனத்தில் ஒரு கசப்பு உண்டு. அங்கே இசை இயக்குநராக வரவிருந்தவர் கியோர்க் ஷோல்டி. அவரைக் கலக்காமலேயே நிர்வாகம் மேத்தாவைத் துணைப் பொறுப்பில் அமர்த்தியதால் ஷோல்டி விலகினார். இளைஞருக்குக் கிடைத்த வாய்ப்பு மூத்தவர் ஒருவரின் தன்மானம் புண்பட்டதால் வந்தது. அதில் மேத்தாவின் குற்றம் எதுவும் இல்லை என்றாலும், வெற்றிக்கதைகளில் இந்தப் பகுதி விடுபட்டுப்போகிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் 1978 வரை இருந்தார். அந்தக் குழுவுக்கு வியன்னாவின் கனத்த, வெதுவெதுப்பான ஒலியைக் கொண்டுவர முயன்றார். டெக்கா நிறுவனம் வெளியிட்ட ஹோல்ஸ்டின் 'கோள்கள்', ரிச்சர்டு ஸ்ட்ராஸின் படைப்புகள், எட்கார் வாரேஸின் நவீன இசை ஆகிய பதிவுகள் அந்த முயற்சிக்குச் சான்று. 1968 சனவரியில் டைம் இதழ் அட்டையில் இவர் படம் வந்தது. அழகான தோற்றம், இளமை, ஹாலிவுட் சூழல் எல்லாம் சேர்ந்து பகட்டு என்ற பெயரும் அப்போதே ஒட்டிக்கொண்டது.

நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் 1978 முதல் 1991 வரை 13 ஆண்டுகள். பணிக்காலம் நீண்டது, பாராட்டுக் குறைவு. பெர்ன்ஸ்டைன், பூலேஸ் ஆகிய இருவருக்குப் பின் வந்தவர் என்பதால் ஒப்பீடு தவிர்க்க முடியாததாயிற்று. பெர்ன்ஸ்டைனின் பேச்சுத்திறனும் பூலேஸின் அறிவுக் கறாரும் இவரிடம் இல்லை என்று உள்ளூர் விமர்சகர்கள் எழுதினர். இதில் ஒரு பகுதி உண்மை. ஹைடன், மொசார்ட், பீத்தோவன் சிம்பொனிகளில் பெரும்பாலும் குரலும் கதையும் கிடையாது. வாக்கியத்துக்கு வாக்கியம் புதிய வாதம் எழ வேண்டும். அங்கே மேத்தாவின் வாசிப்பு ஒழுங்காக இருக்கும், நினைவில் நிற்காது. அதே ஆண்டுகளில் பெண்டெரெட்ஸ்கியின் இரண்டாம் சிம்பொனியின் முதல் அரங்கேற்றத்தை 1980இல் நடத்தியவரும் அவரே. புதிய இசைக்கு இடம் கொடுக்கவில்லை என்ற குறை பொருந்தாது.

ஓபரா

மேத்தா 1960களின் நடுப்பகுதியில் ஓபராவுக்குள் நுழைந்தார். 1965 டிசம்பர் 29 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் வெர்தியின் 'ஐடா'வை நடத்தினார். அதன் பின்னர் வெர்தி, புச்சீனி, வாக்னர், ஸ்ட்ராஸ் நால்வரும் அவருடைய நிரந்தரத் துணைகள். லியோண்டைன் பிரைஸ், பிளாசிடோ டொமிங்கோ பாடிய 'இல் திரோவத்தோரே' பதிவிலேயே அவருடைய குணம் முழுதாகத் தெரிந்துவிட்டது. இசைக்குழு நிறைந்து ஒலிக்கிறது, ஆனால் ஒரு சொல்லையும் மூடுவதில்லை.

அவருடைய பதிவுகளில் ஒன்றைத்தான் காக்க வேண்டும் என்றால் அது 1972இல் லண்டன் பில்ஹார்மோனிக்குடன் செய்த புச்சீனியின் 'துரந்தோத்' ஆக இருக்கும். ஜோன் சதர்லாந்து, லூசியானோ பவரோட்டி, மொன்செராத் கபாயே, நிக்கோலாய் கியாவுரோவ் ஆகியோர் பாடினர். சதர்லாந்து துரந்தோத் வேடத்தை மேடையில் ஏற்றதே இல்லை. பவரோட்டியின் குரல் மெல்லிய பாட்டுகளுக்குப் பழகியது. இந்த இருவரையும் கனமான இசைக்குழுவின் முன் நிறுத்துவது ஆபத்தான முடிவு என்று பதிவுக்கு முன் யாரும் சொல்லியிருக்கலாம். மேத்தா என்ன செய்கிறார்? ஒலியளவைத் தாழ்த்தி ஒதுங்கிப்போகவில்லை. பித்தளைக் கருவிகளின் ஒலியைச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியில் எழுப்பி, பாட்டு நுழையும் கணத்தில் அதை நரம்புக் கருவிகளுக்குக் கைமாற்றுகிறார். கேட்பவருக்கு இசைக்குழு எப்போதும் பேரொலியில் இருப்பதுபோலவே தோன்றும். பாடகருக்கோ போதிய இடம் இருக்கும்.

மூன்றாம் அங்கத்தின் 'நெஸ்ஸுன் தோர்மா' பாட்டை உலகம் அறியும். அதன் முடிவில் வரும் உச்ச ஸ்வரம் புச்சீனியின் இசைக்குறிப்பில் மிகக் குறுகியது. பாடகர்கள் அதை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. நீட்டும் நேரத்தில் இசைக்குழு உயிரற்று நின்றுவிடக் கூடாது, முந்தவும் கூடாது. இந்தப் பதிவில் அந்த ஒரு கணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பவரோட்டியின் குரலோடு சேர்ந்து இசைக்குழுவும் மூச்சைப் பிடித்திருப்பது தெரியும். 1990 உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்புக்கு பி.பி.சி. முகப்பு இசையாக எடுத்துக்கொண்டது இந்தப் பதிவைத்தான்.

அதே 1990இல், கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், ரோமில் பவரோட்டி, டொமிங்கோ, கரேரஸ் மூவரும் சேர்ந்து பாடிய கச்சேரியையும் மேத்தாவே நடத்தினார். அது விற்பனையில் சாதனை படைத்தது. இசை என்ற வகையில் அவருடைய சிறந்த வேலைகளில் சேராது. ஒலிபெருக்கிகள் முன்னிலையில் மூவர் மாறி மாறிப் பாடும் பாட்டுத் தொகுப்பில் நாடகம் இல்லை. நாடகம் இல்லாத இடத்தில் ஓபரா நடத்துநருக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆனால் ஓபரா என்ற சொல்லையே கேட்டிராத கோடிக்கணக்கானவர்களிடம் அதைக் கொண்டுபோனது இதுதான் என்பதையும் மறுக்க இயலாது.

அவருடைய தொழில்திறனுக்கு உண்மையான சோதனை 1992 சூலையில் வந்தது. புச்சீனியின் 'தோஸ்கா' கதை ரோம் நகரின் மூன்று குறிப்பிட்ட இடங்களில் நடக்கிறது: ஒரு தேவாலயம், ஒரு மாளிகை, ஒரு கோட்டை. அந்த இடங்களிலேயே, கதை சொல்லும் அதே நேரத்தில், நண்பகலிலும் இரவிலும் மறுநாள் விடியலிலுமாக நடித்து நேரலையாக 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒளிபரப்பினர். பாடகர்கள் தேவாலயத்தில் இருக்க, மேத்தாவும் இசைக்குழுவும் வேறிடத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார்கள். பாடகர்கள் அவரை மறைவான திரைகளில் பார்த்தார்கள், அவர் பாடகர்களைத் திரையில் பார்த்தார். நேரில் மூச்சைக் கவனிக்கும் வசதி போய்விட்டது. மல்ஃபித்தானோ, டொமிங்கோ, ரைமொந்தி மூவரும் தூரத்துக் கோலை நம்பி முழு நாடகத்தையும் பாடி முடித்தனர். ஒலியின் நிறைவில் இதைவிடச் சிறந்த 'தோஸ்கா' பதிவுகள் உண்டு. நடத்துநர் என்ற ஒருவர் எதற்காக இருக்கிறார் என்று கேட்கும் மாணவருக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

1998இல் பெய்ஜிங்கில் அரண்மனை வளாகத்திலேயே 'துரந்தோத்'தை நடத்தினார். இயக்கம் ஜாங் யிமோ, இசைக்குழு புளோரன்ஸ் நகரத்தது. சீனாவைப் பற்றி இத்தாலியர் கற்பனை செய்த கதையைச் சீன இயக்குநர் சீன மண்ணில் அமைக்க, பம்பாயில் பிறந்தவர் நடத்தினார். உடையும் கூட்டமும் கண்ணைப் பறித்தன. திறந்தவெளியில் 1972 பதிவின் நுணுக்கம் எதிர்பார்க்கக் கூடியதன்று.

1998 முதல் 2006 வரை மியூனிக் பவேரிய அரசு ஓபராவின் பொது இசை இயக்குநராக இருந்தார். புளோரன்ஸின் மாஜோ முசிக்காலே விழாவுடன் 1985 முதல் 2017 வரை நீடித்தார். ஓரிடத்தில் முப்பது ஆண்டுகள் என்பது ஓபரா உலகில் எளிதன்று. வாக்னரின் நான்கு நாள் நாடகமான 'நிபெலுங்கின் மோதிர'த்தை 2007 முதல் 2009 வரை ஸ்பெயினின் வலென்சியாவில் நடத்தியதும் குறிப்பிடத்தக்கது.

இஸ்ரேல் பில்ஹார்மோனிக்

ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத இசைக்கலைஞர்களைக் கொண்டு 1936இல் தொடங்கிய குழு இது. மேத்தா பிறந்த ஆண்டும் அதுவே. 1977இல் இசை இயக்குநரானவரை 1981இல் வாழ்நாள் இயக்குநராக்கினர். 2019 அக்டோபரில் ஓய்வு பெற்றார். 1967 போரின்போதும் 1991 வளைகுடாப் போரின்போதும் பிறர் விலகிய வேளையில் அங்கே சென்று கச்சேரி நடத்தினார். அந்நாட்டு அரசின் கொள்கைகளை வெளிப்படையாகக் குறை கூறியும் வந்தார்.

1981 அக்டோபரில் டெல் அவீவில் நடந்தது தனியாகப் பேச வேண்டியது. நாஜிகள் போற்றிய வாக்னரின் இசை அங்கே மேடையேறுவதில்லை என்பது எழுதாத விதி. கச்சேரி முடிந்த பின் மேத்தா மேடையிலிருந்தே, அடுத்து வாக்னரின் 'டிரிஸ்டான்' பகுதியை வாசிக்கப்போவதாகவும் விரும்பாதவர்கள் வெளியேறலாம் என்றும் அறிவித்தார். அரங்கில் எதிர்ப்பு வெடித்தது. வதைமுகாமில் தப்பிய ஒருவர் மேடை முன் வந்து தம் உடலின் தழும்புகளைக் காட்டினார். இசைக்கு இனவெறி கிடையாது என்ற மேத்தாவின் நிலைப்பாடு கொள்கையளவில் சரியே. ஆனால் சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்திருப்பவரிடம், பட்டியலில் இல்லாததைக் கடைசி நேரத்தில் அறிவித்து 'வேண்டாதவர் போகலாம்' என்பது நாகரிகமான முறையன்று. பாடகரின் மூச்சுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர் அன்று கேட்பவருக்காகக் காத்திருக்கவில்லை.

இந்தியாவுக்கு வந்தவை

1981இல் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோவான 'ராகமாலா'வை நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் அரங்கேற்றினார். 1985இல் எல். சுப்பிரமணியம் தம் 'வேத மந்திரக் கற்பனை'யை எழுதியதும் அதே குழுவுக்காகவே. சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற பின் இசைக்கு வந்தவர். மேத்தா மருத்துவத்தைப் பாதியில் விட்டவர் என்பதை எண்ணினால் இந்தச் சந்திப்பு சுவையானது. இப்படைப்புகளில் தனி வாத்தியக்காரர் ராகத்தை விரிக்கும்போது ஒவ்வொரு இரவும் நீளம் மாறக்கூடும். ஓபராவில் பழகிய கை அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் இசைக்குழுவுக்கு எழுதப்பட்ட பகுதி பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது என்ற குறை 'ராகமாலா'வுக்கும் உண்டு. அது நடத்துநரால் தீர்க்கக்கூடியதன்று.

2005 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவு நாளில், பவேரிய அரசு இசைக்குழுவுடன் சென்னை மியூசிக் அகாதெமியில் நினைவுக் கச்சேரி நடத்தினார். சென்னையின் ஜெர்மன் துணைத் தூதரகமும் மாக்ஸ் முல்லர் பவனும் ஏற்பாடு செய்தன. மார்கழி இசை விழாவின் நடுவே, தம்புரா ஒலிக்கும் மேடையில் ஒரு ஜெர்மன் ஓபரா இசைக்குழு அமர்ந்தது அரிய நிகழ்ச்சி. கடலோரத்தில், பட்டினச்சேரி, கருக்களாச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற காரைக்கால் மீனவ ஊர்களுக்கு அந்த நாள் கடலில் பாலூற்றி மலர் தூவும் நாள். சென்னைக் கச்சேரிக்கும் அந்தக் கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதில் தவறில்லை.

இதற்கு விடை தேட, 1994 சூனில் சரயேவோவில் மேத்தா நடத்திய கச்சேரியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். குண்டு வீச்சில் எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் மொசார்ட்டின் இரங்கல் இசை ஒலித்தது. வாசித்ததும் பாடியதும் முற்றுகையில் சிக்கியிருந்த அந்த நகரத்தின் சொந்த இசைக்குழுவும் பாடற்குழுவும். துக்கம் கொண்டாடியவர்களே இசைக்கலைஞர்கள். சென்னையில் விருந்தினர் வாசித்தார்கள், நகரத்தார் கேட்டார்கள். அன்பு குறைவு என்று சொல்ல இடமில்லை. துக்கத்துக்கு உரியவர்கள் அந்த இசைக்குள் இல்லை என்பதே குறை.

2013 செப்டம்பர் 7 அன்று ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் நடத்திய கச்சேரி இன்னும் சிக்கலானது. காஷ்மீரக் கலைஞர்கள் சிலரும் சேர்ந்து வாசித்தனர். ஆயினும் அழைப்பிதழ் பெற்றவர்களுக்கே அனுமதி, வெளியே கடையடைப்பும் பெருங்காவலும், அதே நாளில் நகரின் வேறொரு பூங்காவில் எதிர்ப்புக் கூட்டம். தோட்டத்துக்குள் இசை அழகாகவே இருந்தது.

பத்மபூஷண் (1966), பத்மவிபூஷண் (2001), தாகூர் விருது (2013) ஆகியவற்றை இந்திய அரசு வழங்கியுள்ளது. வெளிநாட்டில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தார். தந்தையின் பெயரிலான மெஹ்லி மேத்தா இசை அறக்கட்டளை 1995 முதல் மும்பையில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2006இல் தொடங்கிய இந்திய சிம்பொனி இசைக்குழு மும்பையில் இயங்குகிறது. 2023இல் அதையும் மேத்தா நடத்தினார். தமிழ்நாட்டில் திரைப்பட ஒலிப்பதிவுக்கு வாசிக்கும் தேர்ந்த வயலின் கலைஞர்கள் ஏராளம், சேர்ந்திசைப் பாடற்குழுக்களும் பழமையானவை. அப்படியிருந்தும் 2025 மார்ச்சில் இளையராஜா தம் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்ற லண்டனுக்கே போக வேண்டியிருந்தது. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக், நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ்.

கேட்கத் தொடங்குவோருக்கு

மாணவர்கள் 1972 'துரந்தோத்'தின் முதல் அங்கத்திலிருந்து தொடங்கலாம், அதிலும் நிலவு உதிப்பதற்காகக் கூட்டம் காத்திருக்கும் பகுதியிலிருந்து. சற்று முன்வரை கொலைத் தண்டனை கேட்டுக் கத்திய அதே கூட்டம் இப்போது மெல்லிய குரலில் நிலவை அழைக்கிறது. முதல்முறை பாட்டை மட்டும் கேட்கலாம். இரண்டாம்முறை குரல்களை விட்டுவிட்டுக் கீழே டபுள் பாஸ் என்ன செய்கிறது என்று கவனிக்கலாம். அதன் பிறகு 1975இல் வியன்னா பில்ஹார்மோனிக்குடன் பதிவு செய்த மாலரின் இரண்டாம் சிம்பொனி. அதன் கடைசிப் பகுதியில் பாடற்குழு காதுக்கு எட்டுமா என்ற அளவில் முதல் சொல்லைப் பாடும் இடம் வரும்வரை பொறுமை வேண்டும்.